பட்டனைப் பார்த்தீர்கள், தேதியைப் பார்த்தீர்களா? – சின்ன கார் டயர் கேள்வி-பதில்

மழைக்காலம் நெருங்கினால்தான் நம் ஆட்களுக்கு டயர் ஞாபகம் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சின்ன கார்கள், எல்லாமே குறைந்த பட்ஜெட். பட்டன் என்று நாம் சொல்வது டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டைகளை; தேதி என்பது டயர் செய்த தேதி. விலைகளைத் தோராயமாகத்தான் சொல்கிறேன். கடைக்குக் கடை இருநூறு, முந்நூறு மாறும்.

கார் டயர் மாற்ற வேண்டும். நல்ல டயர் ஒன்று சொல்லவும்.
*(ஊர், கார் எதுவும் குறிப்பிடவில்லை)*

என்ன கார்? எந்த ஆண்டு? மாதம் எத்தனை கிலோமீட்டர்? டவுனுக்குள்ளா, பைபாஸிலா? ஒன்றுமே இல்லாமல் "நல்ல டயர்" என்றால், பெயர் எழுதாத சீட்டை மருந்துக்கடையில் நீட்டுவது போலத்தான். டயரின் பக்கவாட்டில் 155/80 ஆர்13 79 டி என்பது போல ஒரு வரி இருக்கும். அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். கடைசியில் வரும் 79 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு (437 கிலோ), டி (T) என்பது வேக வரம்பு (மணிக்கு 190 கி.மீ.). கடைக்காரர் எதைக் காட்டினாலும் இந்த இரண்டும் பழையதைவிடக் குறையக் கூடாது. மீதியை அடுத்த கடிதத்தில் பேசலாம்.

ஆல்டோ 800, 2016 மாடல். நான்கு டயருக்கும் சேர்த்து 12,000 ரூபாய்தான் முடியும். பள்ளிக்கூடம், மார்க்கெட் ஓட்டம்தான்.
*(திண்டுக்கல்)*

முடியும். 145/80 ஆர்12 அளவில் டயர் ஒன்று சுமார் 2,500 முதல் 3,000 வரை. இந்த அளவில் தேர்வு குறைவு என்பது ஒரு வகையில் நல்லது, குழப்பம் இல்லை. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே. இவற்றில் உங்கள் ஊர் டீலரிடம் எது புதுத் தேதியில் இருக்கிறதோ அதை வாங்குங்கள். டவுன் ஓட்டத்துக்கு இந்த நான்குக்கும் நடுவே நீங்கள் உணரும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது. ஆறு மாதத்துக்கு முந்தைய டயருக்கும் மூன்று வருடம் கோடவுனில் கிடந்த டயருக்கும் இருக்கிற வித்தியாசம் அதைவிடப் பெரிது.

பட்ஜெட்டில் எல்லோரும் மறப்பது இது: நான்கு புது வால்வு, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது), அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தொடும். வால்வில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ரப்பர் வால்வு அடிப்பகுதியில் வெடித்துக் காற்றை இறக்கினால், ஐம்பது ரூபாய்ச் சாமானுக்காகப் புது டயரை ரிம்மிலிருந்து திரும்பக் கழற்ற வேண்டிவரும்.

டயருக்கு ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது என்கிறார்கள். கடைக்காரர் இல்லை என்கிறார்.
*(நாமக்கல்)*

குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு 28 சதவீதம் போய் 18 சதவீதம். வரிக்கு முன் 3,000 ரூபாய் டயர் என்றால் 3,840 இருந்தது 3,540 ஆகும். பில்லில் 18 என்று இருக்கிறதா பாருங்கள். பில்லே இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னாலா? மெக்கானிக் முன்னால் என்கிறார்.
*(கிராண்ட் ஐ10, கடலூர்)*

பின்னால். இழுவை முன் சக்கரத்தில், பிரேக் வேலையில் பெரும்பங்கும் முன்னால், அதனால் புதுசு முன்னால் என்பது மெக்கானிக்கின் கணக்கு. காய்ந்த ரோட்டுக்கு அது சரிபோலத் தோன்றும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் அந்தக் கணக்கு கவிழும். முன் டயர் பிடிமானத்தை இழந்தால் ஸ்டீயரிங் லேசாவது கையில் தெரியும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் முன்னறிவிப்பே கிடையாது, கார் பம்பரமாகச் சுற்றும். ஓட்டிப் பழகியவர்களுக்கே அதைத் திருத்துவது சிரமம். எனவே புதிய ஜோடி பின்னால், பின்னால் இருந்த ஓரளவு நல்ல ஜோடி முன்னால்.

ஒரே அச்சில் இரண்டும் ஒரே பிராண்டு, ஒரே டிசைனாக இருக்க வேண்டும். முன்னுக்கு வரும் அந்தப் பழைய ஜோடியில் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழே என்றால், மழை முடியும்வரை நெடுஞ்சாலையை மறந்துவிடுங்கள்.

நைட்ரஜன் அடித்தால் டயர் கூடுதலாக உழைக்குமா?
*(தஞ்சாவூர்)*

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்டால் அந்தக் காசில் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர் ஒன்று 1,200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 50 சதவீதம் பட்டன் இருக்கிறதாம். புதுசு 3,300 சொல்கிறார்கள். நான்கு வாங்கினால் எட்டாயிரம் மிச்சமாகுமே?
*(ஐ10, மதுரை)*

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. வியாபாரி சொல்லும் சதவீதத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் இப்படித்தான் எட்டாயிரம் மிச்சமாகும். கணக்கைச் சரியாகப் போடுவோம்.

புது டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 7.5 மி.மீ. அவர் சொல்லும் 50 சதவீதம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 3.75. ஆனால் 1.6 மி.மீ. வந்ததும் டயர் சட்டப்படி முடிந்தது. ஆகவே புதுசில் உங்களுக்குப் பயன்படுவது 5.9 மி.மீ., பழையதில் 2.15. இது பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். புது டயர் 40,000 கி.மீ. ஓடினால் இது 14,000 ஓடும். மாட்டும் கூலி, பேலன்சிங் என்று டயருக்கு 200 சேர்த்தால் புதுசு கிலோமீட்டருக்கு 9 பைசா, பழசு 10 பைசா. மலிவு எங்கே இருக்கிறது?

இது டயர் நல்லதாக இருந்தால் போடும் கணக்கு. அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். புது கார் எடுத்தவுடன் அலாய் சக்கரம் மாற்றுகிறவர்கள் கழற்றிப் போடும் டயர் கொஞ்சம் உண்டு. அதில் ரப்பர் முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும், பட்டன் முழுசாக இருக்கும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம், தேதி பார்த்து வாங்கலாம். ஆனால் அதை யாரும் 50 சதவீதம் என்று விற்பதில்லை. மற்றவை விபத்தில் சிக்கிய கார்களிலிருந்தும், வயதாகிவிட்டது என்று ஒருவர் மாற்றிப் போட்டதிலிருந்தும் வருபவை. பாலிஷ் தடவிக் கறுப்பாக மின்ன வைத்தால் பக்கச்சுவரின் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. துணியில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டு ஓரிடத்தில் துடைத்துப் பாருங்கள், உண்மை நிறம் வரும்.

அடுத்து உள்பக்கம். காற்று இறங்கிய நிலையில் ஓட்டப்பட்ட டயரின் உள்சுவரில் வளையமாக ஒரு தேய்ந்த தடம் இருக்கும். கையை விட்டுத் தடவினால் ரப்பர் பொடி ஒட்டும். அந்த டயரின் நூல்கட்டு நசுங்கிப்போயிருக்கும். வெளியே பட்டன் எவ்வளவு இருந்தாலும் பைபாஸில் சூடேறி ஒரு நாள் கிழியும். ரிம்மில் மாட்டி வைத்திருக்கும் டயரில் இதைப் பார்க்கவே முடியாது. மாட்டியே வைத்து விற்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு வித்தை, மொட்டை டயரில் சூடான கத்தியால் வரி கீறுவது. பள்ளத்துக்குள்ளே ஆங்காங்கே குறுக்கே சின்ன மேடு இருக்க வேண்டும், அதுதான் 1.6 மி.மீ. அடையாளம். பக்கச்சுவரின் மேல்விளிம்பில் டி.டபிள்யூ.ஐ. (TWI) என்றோ முக்கோணமோ போட்டிருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைக்கும். அந்த மேடு இல்லை, அல்லது அதுவும் அறுபட்டிருக்கிறது என்றால் அது கீறிய டயர். அப்படிக் கீறக் கொஞ்சம் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்வது லாரி, பஸ் டயர்களில். கார் டயரில் அது கிடையாது, கொஞ்சம் ஆழம் போனாலே உள்ளே கம்பிதான்.

உண்மையிலேயே பணம் இல்லை என்றால் நான்கு பழசு வாங்க வேண்டாம். அதே ஐயாயிரத்துடன் கொஞ்சம் சேர்த்து இரண்டு புதுசு வாங்கிப் பின்னால் போடுங்கள். இருப்பதில் நல்ல இரண்டை முன்னால் வைத்து ஆறு மாதம் ஓட்டுங்கள். பில் வாங்குங்கள். தேதி பாருங்கள்.

2017 காரில் வந்த டயரே இன்னும் ஓடுகிறது. 22,000 கி.மீ.தான். பட்டன் அப்படியே இருக்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்?
*(செலேரியோ, திருச்சி)*

ரப்பருக்கு ஓட்டத்தால் மட்டும் வயதாவதில்லை. வெயிலும் காற்றும் பட்டே இறுகும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது. பட்டன் முழுசாக இருந்தாலும் பிரேக் போட்டால் வழுக்கும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் எண் முழுசாக இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும், குனிந்து பாருங்கள். ஐந்து வயது தாண்டினால் வருடம் ஒருமுறை கழற்றிச் சோதிக்க வேண்டும். பட்டன்களுக்கு நடுவிலும் பக்கச்சுவரிலும் மயிரிழை வெடிப்பு ஓடினால் மாற்ற வேண்டும். பத்து வயதானால் வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காருக்கு அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். ஸ்டெப்னிக்கும் இதே வயதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர்14 இருக்கிறது. கொஞ்சம் அகலமாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். 175/70 விலை குறைவாகவும் கிடைக்கிறது.
*(சேலம்)*

அகலம் 10 மி.மீ. கூடும், ஆனால் உயரம் குறையும். 165/80-இன் மொத்த விட்டம் 620 மி.மீ., 175/70-க்கு 601. காரின் வயிறு ஒன்பது, பத்து மி.மீ. இறங்கும். ஸ்பீடாமீட்டர் 3 சதவீதம் கூட்டிக் காட்டும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் முக்கியம். அகலம் வேண்டியே தீரும் என்றால் 185/70 ஆர்14, விட்டம் 615. அளவு ஒத்துவரும்; விலை கூடும், ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜும் கொஞ்சம் போகும். பட்ஜெட் என்று எழுதிவிட்டு அழகையும் கேட்கிறீர்கள். கம்பெனி அளவிலேயே இருங்கள்.

முன் டயர் இரண்டும் உள்ஓரம் மட்டும் கம்பி தெரியுமளவுக்குத் தேய்ந்துவிட்டது. டயர் மட்டமா? எந்த பிராண்டுக்கு மாறலாம்?
*(டியாகோ, ஈரோடு)*

டயரைத் திட்டாதீர்கள். உள்ஓரம் மட்டும் தேய்ந்தால் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) அல்லது கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) தவறு. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உங்கள் காரை ஜாக்கியில் தூக்கி டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் மூட்டு) இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் அடுத்த பள்ளம்வரைதான் நிற்கும். வரிசை இது: முதலில் புஷ், எண்டு, பிறகு புது டயர், அதன் பிறகு அலைன்மென்ட். அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சடித்து வாங்குங்கள். "பார்த்தாச்சு சார், சரியா இருக்கு" என்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இதன் பிறகும் கார் ஒரு பக்கம் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடவலம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில், மாறாவிட்டால் காரில். (டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இப்படி மாற்றக் கூடாது.)

பள்ளத்தில் விட்டதில் டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?
*(தூத்துக்குடி)*

நெல்லிக்காய் அளவாக இருந்தாலும் கூடாது. உள்ளே நூல் அறுந்துவிட்டது, வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்குகிறது. அவசரத்துக்கு என்று மாட்டுவது ஸ்டெப்னி. அவசரத்தில் வெடிக்கும் டயரை அங்கே வைக்காதீர்கள்.

சைடில் ஆணி குத்தியிருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் ஸ்ட்ரிப் (ரப்பர்த் திரி) செருகித் தருகிறேன் என்கிறார்.
*(காரைக்குடி)*

பட்டன் பகுதியில் குத்தினால் செருகலாம். உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டால் இன்னும் நல்லது. பக்கச்சுவரில் எதுவும் கூடாது. மாற்றுங்கள்.

டியூப்லெஸ் டயரில் வாரம் ஒருமுறை காற்று இறங்குகிறது. உள்ளே டியூப் போட்டுவிடலாமா?
*(விருதுநகர்)*

காற்று இறங்குவது பெரும்பாலும் துருப்பிடித்த அல்லது வளைந்த ரிம் விளிம்பில். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். விளிம்பைச் சுரண்டித் துரு நீக்கி, வளைவை நிமிர்த்தினால் முந்நூறு, நானூறில் முடியும். டியூப் போட்டால் உரசிச் சூடேறும், ஆணி குத்தியதும் பட்டென்று காற்று போகும். டியூப்லெஸ் வாங்கியதே அந்த ஆபத்துக்குப் பயந்துதானே?

பெட்ரோல் பங்கில் எப்போதும் 35 அடிக்கிறார்கள். சரிதானா?
*(வேகன்-ஆர், வேலூர்)*

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள எண்தான் உங்கள் எண். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 30 முதல் 33 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். டயரின் மேல் எழுதியிருப்பது அதிகபட்ச எண், அதை அடிக்கச் சொல்லவில்லை. காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடானபின் மூன்று, நான்கு கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்காதீர்கள். ஸ்டெப்னியில் மூன்று, நான்கு கூடுதலாக வையுங்கள்.

இணையத்தில் டயருக்கு 300 ரூபாய் குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?
*(இயான், பொள்ளாச்சி)*

வாங்கலாம். உள்ளூர்க் கடையில் வேறிடத்தில் வாங்கிய டயரை மாட்டக் கூலி கூடக் கேட்பார்கள், அதைக் கழித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத புது கார் டயரை இந்தியாவில் விற்கவே கூடாது. பணம் கட்டும் முன் தயாரிப்புத் தேதியைக் காட்டும் அந்த நான்கு எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வந்த டயரில் அதே எண் இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன் பாருங்கள். ரிம்மில் ஏற்றியபின் யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.