'பஞ்சு' ஏன் வழிகாட்டி நாய் ஆகவில்லை? – நாய்ப் பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமான குட்டி. வயது 10 வாரம். கை, கால், துணி நுனி என்று எதைக் கண்டாலும் கவ்வுகிறது. மூக்கில் லேசாகத் தட்டினால் நிறுத்திவிடும் என்கிறார் என் மாமியார். தட்டலாமா, மேடம்?

வேண்டாம். முகத்துக்குப் பக்கத்தில் கை வந்தால் வலிக்கும் என்று ஒரு குட்டிக்குப் பதிந்துவிட்டால், நாளைக்கு ஒரு குழந்தை ஆசையாகக் கை நீட்டும்போதும் அதற்கு அந்த வலிதான் ஞாபகம் வரும்.

இந்த வயதில் குட்டிக்கு வாய்தான் கை. கூடப் பிறந்ததோடு விளையாடும்போது அழுத்திக் கடித்துவிட்டால், மற்றது கீச்சென்று கத்தி விளையாட்டை விட்டுப் போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டிகள் இப்படித்தான் படிக்கின்றன. அந்தப் பாடம் முடியும் முன்பே நாம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறோம். மிச்சத்தை நாம்தான் நடத்த வேண்டும். பல் அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஓடுகிற எதையும் அது துரத்தும். அசையாமல் விடுவித்துக்கொண்டு எழுந்து, கதவுக்கு அந்தப் பக்கம் போய் 20 விநாடி நில்லுங்கள். அப்புறம் திரும்பி வந்து பழையபடி விளையாடுங்கள். கடித்தால் மறுபடி வெளியே. கடிக்க ஒரு பொம்மை எப்போதும் பக்கத்தில் கிடக்கட்டும். சாயங்காலம் வெறி பிடித்ததுபோல் கவ்வுகிறது என்றால், பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரை தூங்குகிற வயது இது.

கடிப்பதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆவது வாரம் வரைதான் குட்டிகள் புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற காலம். உங்களுக்கு இன்னும் நாலே வாரம்! குடை விரிவது, சக்கர நாற்காலி, தாடி வைத்தவர், தலைக்கவசம் போட்டவர், அழுகிற கைக்குழந்தை என்று தினமும் ஒன்றைத் தூரத்திலிருந்து காட்டி, கூடவே ஒரு துண்டு தின்பண்டமும் கொடுங்கள். தடுப்பூசிகள் முடியும் வரை வெளியே தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டே காட்டலாம்.

வேலை முடிந்து வந்தால் மெத்தை கிழிந்து கிடக்கிறது. அதைக் காட்டித் திட்டினால் எங்கள் நாய் தலையைக் குனிந்துகொண்டு மூலையில் ஒதுங்குகிறான். தப்பு என்று தெரிந்திருக்கிறது, ஆனாலும் மறுநாள் அதையே செய்கிறான்.

அவனுக்குத் தப்பு தெரியவில்லை, உங்கள் முகம் தெரிகிறது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லி ஒரு துண்டை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்று சிலரிடம் உண்மையாகவும் சிலரிடம் பொய்யாகவும் சொன்னார்கள். தின்னாத நாய்களும் திட்டு விழுந்ததும் அதே 'குற்ற' முகத்தைக் காட்டின. சொல்லப்போனால், தின்னாதவையே அதிகமாகக் குறுகிப்போயின.

காலையில் கிழித்ததற்குச் சாயங்காலம் திட்டினால் அவன் மனதில் பதிவது, நீங்கள் கதவைத் திறந்தால் பயப்பட வேண்டும் என்பது மட்டும்தான். தனிமையில் பதறுகிற நாய்க்கு இது பதற்றத்தை இன்னும் ஏற்றிவிடும். ஒரு கைபேசியைப் படம் பிடிக்கிறபடி வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நீங்கள் போன அரை மணிக்குள், கதவருகே எச்சில் ஒழுக நடந்துகொண்டே கிழிக்கிறான் என்றால் அது தனிமைப் பயம். கால்நடை மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்து நிதானமாகக் கிழிக்கிறான் என்றால் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். காலையில் நடையைக் கொஞ்சம் கூட்டி, முகர்ந்து தேடித் தின்கிற மாதிரி உணவை அறை முழுக்கத் தூவி வைத்துவிட்டுப் போங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. கிளாக்கோமாவால் பார்வை முழுதும் போய் எட்டு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு 3 வயது, அப்பாவென்றால் உயிர். அவனையே வழிகாட்டி நாயாக வீட்டில் பழக்க முடியுமா? அப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் எதிர்பார்க்கிற பதில் என்னிடம் இல்லை, ஆனால் அவனால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது.

தெருவில் வழிகாட்டும் வேலையை வீட்டில் பழக்காதீர்கள். பழகுவது அப்பாவின் உயிரை வைத்து. வழிகாட்டி நாய்களுக்கென்று முதல் பள்ளியை 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கினார்கள், முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக. நூறு வருடத்துக்கு மேல் சேர்ந்த அனுபவம் கையில் இருந்தும், தேர்ந்த பள்ளிகளிலேயே பல நாய்கள் தேறாமல் நடுவிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் கூட்டிப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதே இல்லை. வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, எப்போது கடப்பது என்று முடிவு செய்பவர் மனிதர். நாயின் வேலை, படிக்கட்டு வந்தால் நிற்பது, தன் தலைக்கு மேலே ஆனால் அவர் தலைக்கு நேரே தொங்குகிற கிளையைச் சுற்றிப் போவது, அவர் 'போ' என்று சொன்னாலும் வண்டி வந்தால் போக மறுப்பது. இந்தக் கடைசி ஒன்றை நினைத்துப் பாருங்கள். சொன்னதைக் கேட்கவும் பழக்க வேண்டும், கேட்கக் கூடாத இடத்தில் கேட்காமல் நிற்கவும் பழக்க வேண்டும்.

என் வீட்டில் வளர்ந்த 'பஞ்சு'வைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பயிற்சிப் பள்ளிக்காக அவளை எட்டு வாரக் குட்டியாக வாங்கி 14 மாதம் வளர்த்தேன். பேருந்து, மின்தூக்கி, கூட்டம், பட்டாசுச் சத்தம் எதற்கும் அசராதவள். பள்ளியில் மூன்றாம் மாதம், ஓட்டை ஓட்டையாகக் கீழே தெரிகிற இரும்புப் படிக்கட்டில் ஏற்றினார்கள். முதல் படியில் முன்னங்காலை வைத்தாள், நகம் கம்பியில் உரசிய சத்தம் கேட்டது, அப்படியே வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டாள். வாரக்கணக்கில் பொறுமையாகப் பழக்கினார்கள். ஏறவும் ஏறினாள், ஆனால் ஒவ்வொரு முறையும் வாலை இடுக்கிக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு. "அவளால் முடியும், ஆனால் சந்தோஷமாக முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்று ராத்திரி நான் அழுதேன். இப்போது நினைத்தால், அந்தப் பயிற்சியாளர் செய்தது எவ்வளவு நேர்மையான காரியம் என்று தோன்றுகிறது. பயத்தை விழுங்கிக்கொண்டு வேலை செய்கிற நாய் என்றைக்காவது நடுத்தெருவில் நின்றுவிடும்.

பஞ்சு அதன்பிறகு வேறு வேலை கற்றாள். காது கேளாத ஒரு பெண்மணியோடு இருக்கிறாள். அழைப்பு மணி அடித்தால் போய் அவர் முழங்காலை மூக்கால் இடித்து, வாசலுக்குக் கூட்டிப்போவாள். தீ எச்சரிக்கை மணி என்றால் எங்கும் கூட்டிப்போகக் கூடாது, தொட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். முதல் வேலை நாய்க்கல்ல, அப்பாவுக்கு. வெள்ளைக் கைத்தடியோடு நடக்கும் பயிற்சியை அவர் முறையாக எடுக்கட்டும். பின்னால் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து பழக்கிய நாய் கிடைப்பதாக இருந்தாலும், தன்னந்தனியாகத் திசை அறிந்து நடக்கத் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நாயை நம்பித் தெரு கற்க முடியாது.

உங்கள் லாப்ரடாருக்கு வீட்டுக்குள் மூன்று வேலை கொடுங்கள். ஒன்று, கழுத்துப்பட்டையில் சின்ன மணி. பார்வை போனவர், வாசற்படியில் படுத்திருக்கிற தன் சொந்த நாய் மேலேயே தடுக்கி விழக்கூடும். இரண்டாவது, ஒரு பாயில் படுக்கப் பழக்குவது. வழியில் படுத்தால் ஒன்றும் கிடைக்காது, பாயில் படுத்தால்தான் தின்பண்டம் வரும் என்றால், சில வாரங்களில் வழியை விட்டுவிடுவான்.

மூன்றாவதை அப்பாவே பழக்கட்டும். கீழே விழுந்த கைத்தடியை எடுத்துக் கொடுப்பது. தடியை அவன் மூக்குக்கு நேரே குறுக்காகப் பிடிக்கச் சொல்லுங்கள். மூக்கு பட்டதும், பட்ட அதே நொடியில், அப்பா "சரி!" என்று சொல்லி ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அப்பாவுக்குப் பார்வை தேவையில்லை, தடியில் மூக்கு இடிப்பது கைக்கே தெரியும். அந்த "சரி" இரண்டு விநாடி தாமதித்தால், அவன் தலையைத் திருப்பியதற்குத்தான் கூலி கொடுத்ததாகிவிடும். பத்துப் பதினைந்து தடவை மூக்கு பட்டதும், தொட்டால் மட்டும் போதாது, வாய் திறந்தால்தான் "சரி". அப்புறம் கவ்வினால்தான். அப்புறம் இரண்டு விநாடி கவ்விக்கொண்டிருந்தால்தான். பிறகு தடியைத் தரைக்கு இறக்குங்கள், பிறகு ஒரு அடி தள்ளி வையுங்கள். எந்தப் படியிலாவது மூன்று தடவை தொடர்ந்து தவறினால், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் போங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆசை தீரும் முன்பே நிறுத்திவிடுங்கள். கைத்தடியில் பல் பதியாமலிருக்க நடுவில் துணி சுற்றி வையுங்கள்.

இதை அப்பா செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். எட்டு மாதமாக எல்லாரும் அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து எத்தனை நாள் ஆகிறதோ!

நாய்க்கு நாம்தான் தலைவர் என்று காட்ட வேண்டுமாமே? கவிழ்த்துப் போட்டு அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார் ஒரு நண்பர்.

கவிழ்த்துப் போடாதீர்கள், கடி வாங்குவீர்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டு, அவை தலைமைக்கு மோதுவதைப் பார்த்து 1947இல் வெளிவந்த ஆய்விலிருந்து கிளம்பி, ஓநாய் வழி வந்த நாய்க்கும் ஒட்டவைத்த எண்ணம் இது. 1970இல் ஒரு நூல் வழியாக இதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டில் ஓநாய்களை வருடக்கணக்கில் கவனித்த பிறகு 1999இல் தானே திருத்தினார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, குட்டிகள், ஒரு குடும்பம்.

எங்கள் நாய் சாப்பிடும்போது அதன் தட்டுப் பக்கம் என் 4 வயது மகள் போனால் உறுமுகிறது. உறுமியதும் அதட்டுகிறோம். சரிதானே?

இல்லை. உறுமல் உங்களுக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. அதை அடக்கினால், ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். இன்றிலிருந்து அது சாப்பிடும்போது கதவு மூடியிருக்கட்டும், மகள் இந்தப் பக்கம் இருக்கட்டும். இதில் ஒரு வேளைகூட விட்டுக்கொடுக்காதீர்கள். பயிற்சி பெரியவர்களுக்கு மட்டும்: நாய் நிமிராமல் சாப்பிடுகிற தூரத்தில் நடந்துபோய், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை வீசிவிட்டு அப்படியே திரும்பிவிடுங்கள். ஆள் வந்தால் சாப்பாடு போகாது, கூடும் என்று அதற்குப் புரிய வேண்டும். தூரத்தைக் குறைக்க வாரங்கள் ஆகும். ஏற்கெனவே கடித்திருந்தாலோ, உறுமுவது திடீரென்று தொடங்கியிருந்தாலோ முதலில் கால்நடை மருத்துவர். பல்வலி, காதுவலி, மூட்டுவலி எதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆன்ட்டி, எனக்கு 12 வயது. என் நாய்க்கு 9 மாதம். வீட்டில் கூப்பிட்டால் ஓடி வருவான். மைதானத்தில் கூப்பிட்டால் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் ஓடுகிறான். என்னைப் பிடிக்கவில்லையா?

பிடிக்கும், கண்ணா! நாய்க் கணக்கில் அவனுக்கு இப்போது விடலைப் பருவம். இங்கிலாந்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 5 மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய்கள் 8 மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் மட்டும் கேட்காமல் இருந்தன. புதியவர் சொன்னால் கேட்டன. உன் நாய் மட்டும் இல்லை, நாய்களே அப்படித்தான் வளர்கின்றன. இதுவும் கடந்துபோகும்.

மைதானத்தில் நீ எப்போது கூப்பிடுகிறாய்? வீட்டுக்குக் கிளம்பும்போதுதானே? அப்படியானால் 'வா' என்றால் விளையாட்டு முடிந்தது என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். நீளமான கயிறு ஒன்றை அவனுக்குக் கட்டு, பத்து மீட்டர் இருந்தால் நல்லது. கழுத்துப்பட்டையில் கட்டாதே, நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டையில் கட்டு. கையில் சுற்றிக்கொள்ளாதே, பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். சும்மா நடுவில் ஒரு தடவை மட்டும் கூப்பிடு, வந்ததும் அவனுக்கு ரொம்பப் பிடித்த துண்டைக் கொடு, உடனே "போ, விளையாடு" என்று விட்டுவிடு. ஒரு நாளைக்குப் பத்து முறை இப்படிச் செய். வராவிட்டால் கத்திக்கொண்டே இருக்காதே, நீ எதிர்ப்பக்கம் ஓடு, துரத்திக்கொண்டு வருவான். குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் மட்டும் 'வா' சொல்லவே கூடாது, நீயே போய்க் கூட்டி வா. ஒரு மாதம் செய்துவிட்டு எனக்கு எழுது, அவன் பெயரையும் எழுது. கடிதம் முழுக்கத் தேடினேன், நீ அவன் பெயரைச் சொல்லவே இல்லையே.