சாரலுக்கு முன் முடியாத ஆட்டங்கள்: சீசன் டிக்கெட் வைத்திருப்போர் கேள்விகளும் கழகச் செயலாளர் பதில்களும்

செங்கோட்டை வட்டாரத்து ஹாக்கி கழகம் ஒன்றின் இவ்வாண்டு உள்ளூர் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. சீசன் டிக்கெட் வாங்கியிருந்த வாசகர்கள், கேரள எல்லைக்கு இருபுறமிருந்தும், எமக்கு எழுதிய கேள்விகளைக் கழகச் செயலாளரிடம் அளித்தோம். அவர் எழுதித் தந்த பதில்கள் இங்கே.

கேள்வி: கடைசி இரண்டு ஆட்டங்கள் மழையில் போய்விட்டன. முழுச் சீசனுக்கும் பணம் கட்டியவர்களுக்கு என்ன வழி? அன்று மாலை குடும்பத்தோடு கேலரியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அண்ணாச்சி.
– வாசகர், செங்கோட்டை

பதில்: அந்த மாலைக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மழை நின்றுவிடும், எப்படியாவது ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் நாங்கள் நடுவர்களோடு மைதானத்தின் மறுகோடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கையில் ஒலிபெருக்கி இருந்தும் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மழை எங்கள் கையில் இல்லை என்றாலும், அதைப் பற்றி உங்களுக்கு அறிவித்திருக்க வேண்டியது எங்கள் கடமை, அதில் தவறிவிட்டோம்.

ஆட்டங்கள் ஏன் மே மாதக் கடைசிக்குப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ‘சீசன்’ என்றால் குற்றாலத்தில் தண்ணீர் விழும் காலம் என்பதுதான் சிறு பிள்ளைக்கும் தெரிந்த பொருள். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளக் கரையைத் தொடுகிறது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வேகமெடுத்து, சாரல் புளியரையைத் தாண்டி நம் மைதானம் வரை வந்துவிடுகிறது. இதை அறிந்தேதான் மே நடுப்பகுதிக்குள் எல்லாவற்றையும் முடிப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். மார்ச் மாதத்தில் எங்கள் அணியின் இளம் ஆட்டக்காரர்கள் சிலருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இருந்ததால் இரண்டு ஆட்டங்களைத் தள்ளி வைத்தோம். பிள்ளைகளின் தேர்வுக்காகத் தள்ளியது சரியான முடிவே என்று இன்றும் கருதுகிறேன். ஆனால் ஏப்ரலில் நடத்துவதற்கு நாள் இருந்தும், வரவேண்டிய அணிகளின் வசதிக்காக மேலும் தள்ளியது தவறு.

இனி பணம். சீசன் டிக்கெட்டின் விலையை மொத்த ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, நடக்காத இரண்டு ஆட்டங்களுக்கான தொகையைத் திருப்பித் தருகிறோம். டிக்கெட் அட்டையைக் கழக அலுவலகத்தில் காட்டினால் போதும். அட்டை மழையில் நைந்துபோயிருந்தால் பதிவேட்டில் உள்ள பெயரே சான்று. அந்தப் பணத்தைச் சிறுவர்களுக்கு ஸ்டிக் வாங்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் வந்து கேட்காதவர்கள் எல்லாரும் நன்கொடை கொடுத்துவிட்டார்கள் என்று நாங்கள் எழுதிக்கொள்ள மாட்டோம்; அந்தத் தொகை அவரவர் பெயரில் தனியாக இருக்கும்.

கேள்வி: எத்தனை காலம் இந்தச் செம்மண் தரையிலேயே ஆடுவது? சீசன் டிக்கெட் பணத்தில் செயற்கைத் தளம் போடக் கூடாதா?
– வாசகர், தென்காசி

பதில்: அதிகம் பேர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான், எனக்கும் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது. 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, மறு ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில், ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஆடப்பட்டபோது, ஏழாம் இடத்துக்குப் போனது. அந்தச் சரிவுக்குத் தளம் ஒன்றுதான் காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் தரை மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது என்பதை மண்ணில் பழகிவிட்டு டர்ஃப் எனும் செயற்கைத் தளத்தில் இறங்கிய எவரும் உணர்வார்கள். மண்ணில் பந்து எங்கே எகிறும் என்று தெரியாததால் ஸ்டிக்கைச் சற்று உயர்த்தி, எச்சரிக்கையாக, உடம்பை அணை கொடுத்து நிறுத்தப் பழகுகிறோம். டர்ஃபிலோ பந்து தரையை ஒட்டி வேகமாக வருகிறது. குனிந்து, ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து வாங்க வேண்டும். பத்து வயது முதல் ஒரு விதமாகப் பழகிய கையைப் பதினெட்டு வயதில் மாற்றச் சொல்வது பையன்களுக்கு இழைக்கும் அநியாயம்.

அப்படியிருந்தும் சீசன் டிக்கெட் பணத்தில் டர்ஃப் போட முடியும் என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். ஆடுகளம் மட்டுமே 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. அதைச் சுற்றி ஆட்டக்காரர் ஓடி நிற்க இடம் வேண்டும், அடியில் மட்டம் பார்த்துப் போட்ட கெட்டித் தளம் வேண்டும், வடிகால் வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் இதுவரை பழகிவந்த தளங்கள் ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்கப்படுபவை. கோடையில் குடிநீர்க் குழாய்க்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருக்களுக்கு நடுவே, விளையாட்டுக்கு இவ்வளவு தண்ணீரைத் தெளிக்கிறோம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நீர் குறைவாகத் தேவைப்படும் தளங்களும் நீரே தேவைப்படாத தளங்களும் வரத் தொடங்கியுள்ளன. அரசிடம் நாங்கள் வைக்கும் விண்ணப்பம் அத்தகைய தளத்துக்கானதே.

அதுவரை செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, மைதானத்தின் மேற்குப் பக்கத்து வாய்க்காலைத் தூர்வாரி, மேட்டிலிருந்து வரும் மழைநீர் ஆடுகளத்துக்குள் இறங்காதபடி கரை கட்டுவது. இந்த வேலை முடிந்து நீங்களே வந்து பார்த்த பிறகுதான் அடுத்த சீசனுக்கான டிக்கெட் விற்பனையைத் தொடங்குவது என்று செயற்குழுவில் முடிவு செய்துவிட்டோம். இரண்டாவது, பள்ளி விடுமுறையில் இளம் அணியைச் செயற்கைத் தளம் உள்ள ஊர்களுக்கு அழைத்துச் சென்று பழக்குவது. கிழக்கே கோவில்பட்டி இருக்கிறது; மேற்கே, ரயிலில் 90 கிலோமீட்டருக்கு மேல் போனால், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின் ஹாக்கி ஆட்டங்கள் நடந்த கொல்லம் இருக்கிறது. மண்ணில் வளரும் பிள்ளைக்கு ஆண்டில் சில வாரமாவது டர்ஃப் காலில் பட வேண்டும்.

கேள்வி: கிடைத்த பெனால்டி கார்னர்களை எல்லாம் வீணாக்கினோம். பயிற்சியாளரை மாற்றுவீர்களா?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: மாற்ற மாட்டோம். இதற்கும் தரைக்கும் உள்ள தொடர்பைக் கேலரியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டும். பெனால்டி கார்னரில், அதாவது எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பில், பந்து கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிக் களத்தின் பின்கோட்டிலிருந்து உள்ளே தள்ளப்பட்டு, கோல் முன் வரைந்த வட்டத்துக்கு வெளியே போய், பிறகுதான் உள்ளே வர வேண்டும். வட்டமோ கோலிலிருந்து 14.63 மீட்டர். இந்த இடைவெளியில் ஒரு சிறு கல்லில் பந்து தட்டினாலும், வட்டத்தின் வெளியே அதை நிறுத்துபவரின் ஸ்டிக்கைத் தாண்டி ஓடிவிடும். ஓடிவரும் தடுப்பாட்டக்காரர்களுக்கு அந்த அரை விநாடி போதும். முதல் அடி ஓங்கி அடிக்கும் அடியாக இருந்தால் பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் உயராமல் கோல் கோட்டைத் தாண்ட வேண்டும். பந்தை இழுத்துவந்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் எல்லாரும் டிராக் ஃபிளிக்கை நாடுகிறார்கள், ஆனால் பந்தை ஸ்டிக்கில் ஏந்தி இழுத்துவர வழுவழுப்பான தரை வேண்டும். பயிற்சியாளர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இரு வட்டங்களுக்குள்ளும் ஒவ்வொரு காலையும் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டித் தர வேண்டும் என்பது. பாதிச் சீசன் வரை அதைக்கூட நாங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை. பழி அவர்மேல் விழுவதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: வெளியூர் ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்து, நம் பையன்களை ஓரத்தில் உட்கார வைப்பது எந்த வகையில் நியாயம், ஐயா?
– வாசகர், புளியரை

பதில்: மலபார்ப் பக்கத்துச் செவன்ஸ் கால்பந்தில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஆளை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம்; அங்கே கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து நம் செயற்குழுவில் சிலருக்கு அந்த ஆசை வந்தது உண்மை. இந்த ஆண்டு மூன்று பேரை அழைத்தோம். அவர்களில் கோல் கீப்பரை அழைத்ததை மட்டும் நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன், ஏனென்றால் நம்மிடம் இருந்த ஒரே கோல் கீப்பருக்குக் காலில் அடிபட்டிருந்தது. வந்தவரும் தினமும் மாலையில் நம் இரண்டு சிறுவர்களுக்குக் கால்காப்புகளைக் கட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். எர்ணாகுளம் பக்கத்துக் கிராமத்துப் பையனாக இருந்து திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த இந்தியக் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் வெண்கலப் பதக்கத்தோடு நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கோல் முன் நிற்க ஆசைப்படும் பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இன்று இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க ஆள்தான் இல்லை.

மற்ற இருவரும் முன்வரிசையில் ஆடியவர்கள். அவர்கள் அடித்த கோல்களுக்குக் கேலரி எழுந்து நின்று கைதட்டியது, நானும் தட்டினேன். ஆயினும் உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்று, 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள் என்றால், அவர்கள் பதினைந்து, பதினாறு வயதில் ஓரத்தில் உட்கார வைக்கப்படவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று விதி இருக்கும்போது, ஒரு கால் பகுதிக்காவது உள்ளூர்ப் பையனை இறக்காமல் வைத்திருந்ததற்குச் சாக்குச் சொல்ல முடியாது. அடுத்த சீசனில் ஒவ்வொரு ஆட்டத்திலும் களத்தில் உள்ள பதினொருவரில் குறைந்தது எட்டுப் பேர் எல்லைக்கு இருபுறமுள்ள நம் ஊர்களைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். இதனால் சில ஆட்டங்களில் தோற்கவும் கூடும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அறிவிப்பு எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. எங்களோடு வரும் மலையாள நண்பர்கள் யார் கோல் அடித்தது என்று எங்களைக் கேட்கிறார்கள். ஆட்டம் முடிந்தால் பேருந்தும் இல்லை.
– வாசகர், ஆரியங்காவு

பதில்: மலையாளத்திலும் அறிவிப்போம், புனலூரிலிருந்து வரும் நம் ஆட்டக்காரர் ஒருவரின் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கினால் கொல்லம் பேருந்தை நீங்கள் பிடித்துவிடலாம், அப்படியே செய்கிறோம்.

கேள்வி: பெண்களுக்குத் தனி வரிசை கொடுத்தீர்கள், நன்றி. கழிப்பறைக்கு எங்கே போவது?
– வாசகி, குற்றாலம்

பதில்: இதைக் கேட்க வைத்ததற்கே வெட்கப்படுகிறோம், அம்மா. வாய்க்கால் வேலையோடு சேர்த்து இதுவும் முடியாமல் டிக்கெட் விற்பனை தொடங்காது.

கேள்வி: பச்சை அட்டைக்கெல்லாம் நடுவரைத் திட்டிக் கத்துகிறார்கள். குழந்தைகளோடு உட்கார முடியவில்லை.
– வாசகர், இலஞ்சி

பதில்: பச்சை அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே இருப்பது, மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம், சிவப்பு என்றால் திரும்ப வர முடியாது. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டையில் ஒருவரை இழந்த இந்திய அணி, மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி, ஆட்டத்தைச் சமனில் முடித்து, ஷூட் அவுட்டில் வென்றது. தங்களுக்குப் பாதகமாகப் போன முடிவுக்குப் பிறகு எப்படி ஆடுவது என்பதை அந்த ஆட்டத்தைவிட நன்றாகக் காட்ட என்னிடம் வேறு சான்று இல்லை. கேலரியில் வசை பேசுபவருக்கு ஒருமுறை எச்சரிக்கை. மறுமுறை அவருடைய டிக்கெட் ரத்தாகும், மீதிப் பணம் கொடுத்து அனுப்பப்படும். நிர்வாகிகளின் உறவினர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: என் தந்தை ஆண்டுதோறும் முதல் வரிசையில் மேற்கு ஓரத்து இருக்கையை வாங்குவார். இவ்வாண்டு சீசன் நடுவில் காலமாகிவிட்டார். அந்த இருக்கையை நான் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா, வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் போகுமா?
– வாசகி, வடகரை

பதில்: அவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். இடைவேளையில் உள்ளே வந்து, ஹாஃப் எனும் நடுக்கள ஆட்டக்காரர்கள் முன்னேறி வருவதில்லை என்று உரிமையோடு கடிந்துகொள்வார்; பல நாள் அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கிறது. சீசன் டிக்கெட் குடும்பத்தினர் பெயருக்கு மாற்றத்தக்கது என்று எங்கள் விதியில் இதுவரை எழுதப்படவில்லை. இந்தக் கடிதம் வந்த பிறகு எழுதியிருக்கிறோம். அந்த இருக்கை உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. அவர் பார்க்க முடியாமல் போன ஆட்டங்களுக்கான பணமும் அலுவலகத்தில் இருக்கிறது, வரும்போது பெற்றுக்கொள்ளுங்கள்.