வாசகர் கேள்வி–பதில்: கவுன்சில் வார்டனிடம் எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புற ஒழுங்கையில் பழைய மெத்தைகளையும் குப்பைப் பைகளையும் இரவோடிரவாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வார்டன் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு செல்கிறாரே தவிர, எவரையும் பிடிப்பதில்லை. அவருக்கு என்னதான் அதிகாரம் உண்டு?
– வாசகி, இங்கிலாந்து

பதில்: நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் ஆளைப் பிடிப்பது வார்டனின் வேலை அல்ல. அரசின் நிதியுதவியுடன் 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வார்டன் திட்டம் தொடங்கப்பட்டபோது, சீருடை அணிந்த ஒருவர் குடியிருப்புத் தெருக்களில் தவறாமல் நடந்து, குப்பை, சுவர்க்கிறுக்கல், எரியாத தெருவிளக்கு, கைவிடப்பட்ட கார் ஆகியவற்றை உரிய பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், குடியிருப்பாளர்களுக்கும் கவுன்சிலுக்கும் இடையில் பாலமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. பொலிஸாரைப் போல் கைதுசெய்யும் அதிகாரம் அவருக்கு வழங்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டின் பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ், பொலிஸ் தலைமை அதிகாரி விரும்பினால் பயிற்சிபெற்ற வார்டன்களுக்குச் சில வரையறுக்கப்பட்ட அதிகாரங்களை அளிக்கலாம். ஆகவே ஓர் ஊர் வார்டனுக்கு இருக்கும் அதிகாரம் அடுத்த ஊர் வார்டனுக்கு இல்லாமல் இருக்கலாம்.

அவர் குறித்துக்கொள்வதை வீண்வேலை என்று எண்ணிவிடாதீர்கள். கொட்டியவர் மீது வழக்குத் தொடரச் சான்று வேண்டும். குப்பைப் பைக்குள் கிடக்கும் முகவரியிட்ட ஒரு கடித உறைகூடச் சான்றாகலாம். எனவே பைகளை நீங்கள் கிளறாமல், கண்ட நாள், நேரம், வாகனத்தின் நிறம், இலக்கத்தகடு ஆகியவற்றை எழுதி வைத்து ஒவ்வொரு முறையும் கவுன்சிலுக்கு அறிவியுங்கள். கொட்டுபவர்களை நேரில் தடுக்கப் போக வேண்டாம். அந்த ஒழுங்கை யாருக்குச் சொந்தம் என்பதையும் விசாரியுங்கள்; தனியார் நிலமாயின், குப்பையை அகற்றும் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளரையே சேரும்.

இதனோடு தொடர்புடைய ஒன்றை நம்மவர்கள் பலர் அறியாதிருப்பது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. வான் வண்டியில் வந்து குறைந்த பணத்துக்குப் பழைய தளபாடங்களை எடுத்துச் செல்பவர் அவற்றை வேறொரு தெருவில் கொட்டினால், அவர் குப்பை எடுத்துச் செல்லப் பதிவுபெற்றவரா என்று பார்க்காமல் ஒப்படைத்த வீட்டுக்காரருக்கும் 600 பவுண் வரை அபராத அறிவித்தல் வரலாம். சுற்றாடல் முகவரகத்தின் (Environment Agency) பொதுப் பதிவேட்டில் அவருடைய பெயரைச் சரிபார்த்து, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிகரெட் துண்டை வீதியில் போட்டதற்காகச் சீருடையணிந்த ஒருவர் அபராத அறிவித்தல் தந்தார். அவர் பொலிஸ் அல்லவே, கட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், இங்கிலாந்து

பதில்: பொலிஸ் அல்லாதவர் என்பதால் அந்த அறிவித்தல் செல்லாததாகிவிடாது. 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டப்படி சிகரெட் துண்டும் குப்பையே. கவுன்சில் எழுத்துமூலம் அங்கீகரித்த எவரும், கவுன்சில் அமர்த்திய தனியார் நிறுவனத்தின் ஊழியர் உட்பட, அறிவித்தல் வழங்கலாம். அந்த அங்கீகாரத்தைக் காட்டும்படி நீங்கள் மரியாதையுடன் கேட்கலாம். ஆனால் பொய்ப்பெயரோ பொய்முகவரியோ கொடுத்தால் அது தனிக்குற்றமாகும். இங்கிலாந்தில் இந்த அபராதத்தின் உச்சவரம்பு 2023 ஜூலை இறுதியில் 150 பவுணிலிருந்து 500 பவுணாக உயர்த்தப்பட்டது. அதற்குட்பட்டு ஒவ்வொரு கவுன்சிலும் தன் தொகையைத் தீர்மானிக்கிறது. 14 நாட்களுக்குள் கட்டிவிட்டால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகாது, குற்றத்தீர்ப்பாகவும் பதியப்படாது. குற்றம் செய்யவில்லை என்று உறுதியாக நம்புகிறீர்களானால், காலதாமதமின்றிக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். கட்டாமலும் எழுதாமலும் இருந்துவிடுவதே ஆபத்தான வழி. நீதிமன்றத்தில் குற்றவாளியெனத் தீர்ப்பானால் 2,500 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

கேள்வி: நள்ளிரவில் பக்கத்து வீட்டில் உரத்த இசை ஒலிக்கிறது. வார்டனை அழைக்கலாமா?
– வாசகி, இங்கிலாந்து

பதில்: பெரும்பாலான வார்டன்கள் அந்நேரத்தில் பணியில் இருப்பதில்லை. சத்தம் குறித்த முறைப்பாட்டைக் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவே விசாரிக்கும். எந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். அடிதடியோ மிரட்டலோ கேட்டால் 999ஐ அழையுங்கள். அவசரமில்லாதவற்றுக்குப் பொலிஸாரின் இலக்கம் 101.