போக்கர் புத்தகத்துக்கு அட்டையை மாற்றினால் விற்பனை ஏறுமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். வேலை முடிந்த இரவுகளில் எழுதி, ஆங்கிலத்தில் ஒரு போக்கர் உத்தி நூலை அமேசானில் நானே வெளியிட்டேன். அச்சு நூல் 236 பக்கம், மின்னூலும் உண்டு. மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் பிரதிகளே போகின்றன. கறுப்புப் பின்னணியில் விசிறியாக ஐந்து சீட்டு, சிப் குவியல், சிவப்பில் தலைப்பு. இதுதான் இப்போதைய அட்டை. “அட்டைதான் பிரச்சினை, விற்பனை உத்தரவாதத்தோடு 2,800 வெள்ளிக்கு மாற்றித் தருகிறோம்” என்கிறது ஒரு நிறுவனம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்டையை மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் அது சில நூறு வெள்ளியில் முடியக்கூடிய வேலை. உத்தரவாதம் என்கிறார்களே, எத்தனை பிரதிக்கு, எத்தனை மாதத்துக்குள், விற்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் உங்கள் அழைப்பை எடுக்கிறார்களா என்று பார்ப்போம்.

முதலில் குற்றவாளி அட்டைதானா என்று தெரிய வேண்டும். அமேசான் அறிக்கையில் எத்தனை பிரதி விற்றது என்பது இருக்கும். எத்தனை பேர் உங்கள் பக்கத்துக்கு வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள் என்பது இருக்காது. கடைக்கு வந்த கூட்டத்தைக் கடைக்காரரிடமே மறைப்பது என்ன நியாயமோ! சுற்றுவழி ஒன்று உண்டு. சிறு தொகைக்கு அங்கேயே விளம்பரம் போடுங்கள். விளம்பரக் கணக்கில் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று மூன்றும் வரும். நிறையக் காட்டியும் யாரும் தட்டவில்லையா, கோளாறு அட்டையிலோ தலைப்பிலோ விலையிலோதான். தட்டி உள்ளே வந்தவர்கள் வாங்காமல் போகிறார்களா, அட்டையை விட்டுவிட்டு அறிமுகக் குறிப்பையும் மாதிரிப் பக்கங்களையும் கவனியுங்கள். 2,800 வெள்ளி கேட்டவர்கள் இந்த எண்களைக் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் அட்டை. அந்த விசிறியில் இருப்பது போக்கரின் ஆக உயர்ந்த கையான ராயல் ஃப்ளஷ்தானே, ஸ்பேடு ஏஸிலிருந்து பத்துவரை? ஐந்து சீட்டில் ஏதாவதொரு ராயல் ஃப்ளஷ் விழும் வாய்ப்பு 649,740இல் ஒன்று. இன்று பெரும்பாலோர் ஆடும் ஹோல்டம் என்ற போக்கர் வகையிலோ கையில் இரண்டே சீட்டு. ஆடத் தெரிந்தவர் விசிறியைப் பார்த்ததும், விதிமுறை சொல்லித் தரும் புத்தகம் போலிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார். புதிதாகக் கற்க வந்தவர் வாங்கித் திறந்தால் உள்ளே ரேஞ்ச் (ஒருவர் எந்தெந்தக் கைகளோடு ஆடக்கூடும் என்ற பட்டியல்), சதவீதக் கணக்கு. கடுப்பாகி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். யாருக்கான புத்தகம் என்று சொல்வதுதான் உத்தி நூலின் அட்டைக்கு வேலை. அட்டை அழகாயிருக்கிறதே என்று போக்கர் புத்தகம் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. சில வடிவமைப்பாளர்கள் பகடையையும் சேர்த்து உருட்டிவிடுவார்கள். போக்கரில் பகடைக்கு என்ன வேலை?

டாயில் பிரன்சனின் புகழ்பெற்ற நூலும் சொந்த வெளியீடாகத் தொடங்கியதுதான். போக்கரில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்த கதை என்ற ரீதியில் ஒரு நீண்ட தலைப்போடு வந்து, பிறகு ‘சூப்பர் சிஸ்டம்’ ஆனது. ஆனால் அவர் 1976, 1977 என்று அடுத்தடுத்து உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். அந்தப் பெயர் அட்டையில் இருந்தால் போதும். உங்களுக்கும் எனக்கும் அது இல்லாததால் படமும் துணைத்தலைப்பும்தான் பேச வேண்டும்.

உங்கள் நூல் ஓரளவு ஆடத் தெரிந்தவர்களுக்கு என்றால் ரேஞ்ச் கட்டத்தை அட்டைக்குக் கொண்டுவாருங்கள். 13க்கு 13 கட்டம், முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டின் 169 சேர்க்கைகள். கைப்பேசியில் நகத்தளவு சுருங்கினாலும் அதன் வண்ண அமைப்பு தெரியும், தெரிந்தவர் சட்டென்று நிற்பார். வண்ணத்தை மட்டும் நீங்களே நிரப்பிக் கொடுங்கள். வடிவமைப்பாளரிடம் விட்டால் அழகு பார்த்து அடிப்பார். ஆக மோசமான கை என்று பெயரெடுத்த வெவ்வேறு இனத்து 7-2க்கு ‘ரெய்ஸ்’ (பந்தயத்தை உயர்த்து) நிறம் விழுந்துவிட்டால் புத்தகத்தின் மானம் அங்கேயே போயிற்று. டைமனை நீலத்திலும் கிளாவரைப் பச்சையிலும் போடும் நான்கு வண்ணச் சீட்டு, இணையத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு நன்றாகப் பழக்கம். அதுவும் ஓர் அடையாளம்தான். அப்புறம், பெரும்பாலான கிண்டில் கருவிகளின் திரை சாம்பல் நிறத்தில்தான் காட்டும். கறுப்பின்மேல் உங்கள் சிவப்புத் தலைப்பு அதில் காணாமல் போகும். கோப்பைச் சாம்பலாக்கி, சிறிதாக்கி, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

ஒரு பொறி. அச்சு நூலின் அட்டைப் படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியான பின் தலைப்பையும் துணைத்தலைப்பையும் மாற்ற அமேசான் விடாது. அட்டையில் இருப்பது பதிவில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். துணைத்தலைப்பு சரியில்லை என்றால் புதிய பதிப்பாகத்தான் போட வேண்டும். எழுதிய ஆளுக்கே இந்த உரிமை கிடையாதாம்! செயற்கை நுண்ணறிவில் அட்டைப் படம் செய்தால் அதையும் பதிவேற்றும்போது தெரிவிக்க வேண்டும். ஒன்பது ஹார்ட்டினில் எட்டுப் புள்ளி இருக்கிறதா என்று எண்ணியும் பார்க்க வேண்டும்.

பின்னட்டைதான் எனக்குக் கவலை. இங்கே 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. உத்தியைக் கற்றுத் தருவது ஒன்று, உரிமமில்லாத இணையத்தளத்துக்கு ஆள் சேர்ப்பது வேறு. பணம் வைத்து ஆடும் போக்கர் தளம் எதற்கும் இங்கே உரிமம் இல்லை. ஆகவே பின்னட்டையில் கியூஆர் குறியீடு, ‘இந்தக் குறியீட்டோடு சேர்ந்தால் போனஸ்’ என்ற வரி, ஏதாவதொரு தளத்தின் சின்னம், எதுவுமே வேண்டாம். உங்கள் படத்தைப் போடுவதானால் தொப்பியைப் பாருங்கள், சட்டைக் கையைப் பாருங்கள், தளத்தின் ஒட்டுச்சின்னம் இருக்கும். வீட்டில் நண்பர்களோடு ஆட விலக்கு இருக்கிறதே என்பீர்கள். உண்மை, ஆனால் அது நேரில் உட்கார்ந்து ஆடுவதற்கு. இணையத்துக்கு அது பொருந்தாது, விளம்பரத்துக்கு அறவே பொருந்தாது. உங்களைப் போன்றவர்களிடம் சில தளங்களின் முகவர்களே வந்து, ஒரு சின்னக் குறியீடு வைத்தால் அட்டைச் செலவை ஏற்கிறோம் என்பார்கள். மாட்டிக்கொள்ளும்போது அட்டையில் இருப்பது உங்கள் பெயர்தான்.

அந்த 2,800 வெள்ளிப் பட்டியலில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண், நூலகத்துக்குப் பிரதி அனுப்புவது என்றெல்லாம் இருக்குமே? ஐஎஸ்பிஎன்னுக்குத் தேசிய நூலக வாரியத்திடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். இங்கே வெளியிடும் அச்சு நூலுக்கு நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதி கொடுக்க வேண்டும், அதற்கும் தரகர் வேண்டாம்.

யாரிடம் அட்டை செய்தாலும் திருத்தக்கூடிய மூலக்கோப்பு, எழுத்துருக்களுக்கும் படங்களுக்குமான உரிமம், இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முன்பணத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். 236 பக்கம் நாளை 250 ஆனால் முதுகின் அகலம் மாறும், அட்டையை மறுபடி அமைக்க வேண்டும். மூலக்கோப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருத்தத்துக்கும் பணம் கறப்பதுதான் சிலருக்குப் பிழைப்பே.

புதிய அட்டை ஏறிய பிறகு விலையையும் அறிமுகக் குறிப்பையும் சில வாரம் தொடாதீர்கள். பழைய அட்டைக்குப் போட்ட அதே விளம்பரத்தை, அதே தொகைக்கு ஓடவிட்டு, எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று ஒப்பிடுங்கள்.