அம்மம்மாவைப் பார்த்ததும் அனுபவந்தான்

கேள்வி: வயது 22. ஊர் ஒட்டுசுட்டான். உயர்தரம் கலைப்பிரிவில் எடுத்தேன். பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்த அம்மம்மாவை மூன்று வருடம் நான்தான் பார்த்தேன். இப்போது தாதி உதவியாளர் வேலை தேடுகிறேன். கேட்ட இடமெல்லாம் "முன் அனுபவம் இருக்கா?" என்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையம், ஆறு மாதப் பாடநெறி முடித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா?

பதில்: தங்கச்சி, இப்போதைக்குக் கட்ட வேண்டாம். "வேலை நிச்சயம்" என்பதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையத்துக்குப் பதிவு உண்டா? இந்தப் பாடநெறிக்கும் தனியாக அங்கீகாரம் உண்டா? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிலையம் பதிவாகியிருக்கும், பாடநெறி அங்கீகாரம் பெற்றிருக்காது. கடைசியில் கையில் கிடைப்பது என்.வி.கியூ எனும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் அல்ல, அவர்களே அச்சடித்த தாள். செய்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை கிழமை என்றும் கேளுங்கள். அதற்கு முன் தொழிற்பயிற்சி அதிகார சபை, நைற்றா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) ஆகியவற்றின் மாவட்ட அலுவலகங்களில் பராமரிப்பாளர் அல்லது தாதி உதவியாளர் பயிற்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தப் பயிற்சி எதுவும் உங்களைப் பதிவுபெற்ற தாதியாக்காது. அப்படி யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அனுபவத்துக்கு வருவோம். "அனுபவம் இல்லை" என்று நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். "அம்மம்மாவைப் பராமரித்தேன்" என்ற ஒற்றை வரியாலும் பயனில்லை. செய்த வேலையை வேலையாகவே எழுதுங்கள்: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது, குதிக்கால், இடுப்பின் பின்புறம் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்த்தது, நிமிர்த்தி இருத்திச் சிறு கரண்டியால் ஊட்டி அரை மணித்தியாலம் படுக்கவிடாமல் வைத்திருந்தது, குழாய் வழியே சிறுநீர் சேரும் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டது, கிளினிக்குக்குக் கூட்டிப்போனது. செய்யாததை எழுத வேண்டாம். மேற்றன், அதாவது தாதியருக்குத் தலைமையாக இருப்பவர், ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். "பாரிசவாதக்காரருக்குச் சட்டை எப்படிப் போடுவீர்கள்?" என்பார். இயங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அது கடைசி. உண்மையில் பார்த்தவருக்கு இது கை தானாகச் சொல்லும் பதில்.

முதல் வேலைக்குப் பெரிய தனியார் வைத்தியசாலையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். முதியோர் இல்லங்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரைப் பராமரிக்கும் இடங்கள், வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்க ஆள் தேடும் குடும்பங்கள் ஆகியவற்றையும் கேளுங்கள். போரில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் வாழும் வன்னியில் இந்த வேலைக்குத் தேவை உண்டு, செய்யத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அங்கே ஆறு மாதம் நின்று சேவைக் கடிதம் வாங்கினால், அடுத்த இடத்தில் அந்தப் பழைய கேள்வி எழாது. பிறகு, வேலையில் பழகிய திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் 'முன்கற்றலை அங்கீகரிக்கும்' முறையில் என்.வி.கியூ மதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள தனியார் வைத்தியசாலைக்குப் போனால் விண்ணப்பத்தை வாசல் காவலாளியிடம் விட்டுவிட்டு வராதீர்கள். மேற்றனை அல்லது தாதியருக்குப் பொறுப்பானவரைக் கேட்டுக் கொடுங்கள். கடமை மாறும் வேளைகளில் யாருக்கும் உங்களைப் பார்க்க நேரமிராது, காலை பத்து மணிக்குப் பிறகு நல்லது. இரண்டு கிழமை கழித்து ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள். இடையில் யாராவது விலகியிருப்பார். இரவுக்கடமை செய்வீர்களா, எங்கே தங்குவீர்கள் என்பது கட்டாயம் வரும் கேள்வி. ஒட்டுசுட்டானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன் என்றால் தயங்குவார்கள், ஆகவே தங்குமிடத்தை முதலே யோசித்து வையுங்கள். "வலிக்கிறதா, எங்கே, தண்ணீர் வேண்டுமா" என்ற அளவுக்குச் சிங்களம் தெரிந்தால் வவுனியாவில் பெரிய உதவி.

நேர்முகத்தில் கேட்கக்கூடிய இன்னொன்று: "நோயாளி கட்டிலால் விழுந்துவிட்டார், என்ன செய்வீர்கள்?" உடனே தூக்குவேன் என்றால் தவறு. எலும்பு முறிந்திருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம். அசைக்காமல் பக்கத்தில் நின்று தாதியைக் கூப்பிட வேண்டும். மருந்தும் அப்படித்தான்: "நோயாளி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரஷர் அளக்கவும் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் இருக்கவிட்டு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. மூச்சை எண்ணுவதை நோயாளிக்குச் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும்.

வேலை கிடைத்தால் நியமனக் கடிதம் கேளுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், 12 வீதம் அவர்கள் போட வேண்டும். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவைக்கக் கூடாது. ஊசி குத்துப்படும் வேலை இது. ஆகவே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது.