புதிய செவிலியர்களின் அறிமுகப் பயிற்சிக்கு மென்பொருள் உதவுமா?

கோத்தகிரிப் பக்கம் ஐம்பது படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருப்பவர், புதிதாகச் சேரும் செவிலியர்களின் அறிமுகப் பயிற்சிக்கு மென்பொருள் வாங்கினால் பயன் உண்டா, அது வீண் செலவா என்று கேட்டிருக்கிறார். குன்னூர் வட்டாரத்தில் செவிலியர் பயிற்சியைக் கவனித்துவருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் பெரும்பாலோர் எதிர்பார்க்கும் இடத்தில், அதாவது வகுப்பெடுப்பதில், அந்தப் பயன் மிகக் குறைவு. யாருக்கு என்ன கைவந்திருக்கிறது என்பதைக் கணக்கில் வைப்பதிலும், கற்றதை மறக்கவிடாமல் மீண்டும் மீண்டும் கேட்பதிலும்தான் மென்பொருள் தன் விலைக்கு உழைக்கிறது.

வழக்கமான அறிமுகப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு நாட்கள் ஓர் அறையில் உட்காரவைத்து, கை கழுவும் முறை, தீ விபத்து, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலப் பிரிவுகள், விடுப்பு விதிகள் என எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கோப்பு நிறைந்துவிடும்; வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கோ, அந்தப் பெண் இதுவரை ஒரு முறையாவது ரத்தம் ஏற்றியிருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஆட்கள் குழுவாகச் சேர்வதில்லை. எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசுப் பணி கிடைத்தோ, வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ வாய்ப்பு வந்தோ ஒருவர் போக, அவருக்குப் பதிலாக வேறொருவர் வருகிறார். ஒற்றை ஆளுக்காக அதே வகுப்பை மறுபடி நடத்த யாருக்கும் நேரமில்லை. மாறாத விதிகளைப் பதிவுசெய்து வைத்து, வருபவரே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிடலாம். வகுப்பைப் பொறுத்தவரை மென்பொருளுக்கு அவ்வளவுதான் வேலை.

முக்கியமானது திறன் பட்டியல். உறிஞ்சு கருவியை இயக்குதல், ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றுதல், சிறுநீர்க் குழாய் செருகுதல், மருந்தைச் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பில் அளவு வைத்தல் என உங்கள் வார்டில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் 'பார்த்தார்', 'ஒருவர் உடனிருக்கச் செய்தார்', 'தனியே செய்தார்' என்று மூன்று நிலைகளை வையுங்கள். அதை மூத்த செவிலியர், நோயாளியின் படுக்கையருகே பார்த்த பிறகு, தம் கைப்பேசியிலேயே குறிக்க வேண்டும். புதியவர் தமக்குத் தாமே குறித்துக்கொள்ள வழி இருக்கக் கூடாது. காகிதத்திலும் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் டியூட்டி ரோஸ்டர் போடும்போது, இன்றைய இரவுப் பணியில் இருப்பவர்களுள் ஒருவருக்காவது கிராஷ் கார்ட் (அவசர உயிர்காப்பு மருந்துகளும் கருவிகளும் உள்ள தள்ளுவண்டி) முழுவதும் பழக்கமா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. பகிர்ந்து பயன்படுத்தும் எக்செல் தாளே இதை நொடியில் சொல்லிவிடும். எந்த நேரத்தில் குறிக்கப்பட்டது என்பதும் பதிவாகும்படி அமைத்துக்கொண்டால், ஒரே நிமிடத்தில் இருபது திறன்களுக்கு ஒப்புதல் அளிக்கும் அன்புள்ளம் கொண்ட சிஸ்டர்களையும் அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கேள்விகள். முதல் வாரத்தில் கேட்டதெல்லாம் ஒரு மாதத்தில் கரைந்துபோகும் என்பதால், வாரந்தோறும் நான்கைந்து சிறு கேள்விகளைக் கைப்பேசிக்கு அனுப்பி, தவறியவற்றை இடைவெளி விட்டு மீண்டும் கேட்கவைக்கலாம். கேள்விகள் வரையறைகளைக் கேட்பனவாக இல்லாமல் கையில் எடுக்கும் பொருளைப் பற்றியனவாக இருக்கட்டும். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பியும், 100 யூனிட் கொண்ட குப்பியும் ஒரே குளிர்பெட்டியில் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சு முதலாவதற்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு இரண்டாவதற்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குப்பியையும் சிரிஞ்சையும் படமெடுத்துப் போட்டு, 'நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு போகும்?' என்று கேட்டால், ஒரு மணி நேர விரிவுரையால் முடியாததை அந்தப் படம் செய்துவிடும். டிரிப் கணக்கும் அப்படித்தான்: 500 மில்லிலிட்டரை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. செட்டின் உறையைப் பார்க்காமல் மனப்பாடமாக விடை சொல்பவர், 60 சொட்டு விழும் மைக்ரோ செட் வந்த அன்றைக்குத் தடுமாறுவார்.

ஆயத்தப் பாடங்களை விலைக்கு வாங்கினாலும், அவற்றோடு நம் மலைக்குரிய பகுதியை நாமே எழுதிச் சேர்த்தாக வேண்டும். உதாரணமாக, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க உதவும் நியூஸ்2 மதிப்பெண் முறையில் (இதில் மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்று பொருள்), ரத்த ஆக்ஸிஜன் அளவு 96 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் பூச்சியம். 94, 95 என்றால் ஒரு மதிப்பெண். 92, 93 என்றால் இரண்டு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே ரத்த ஆக்ஸிஜன் அளவு சற்றுக் குறைந்து காட்டலாம் என்பதை மதுரையிலிருந்து வந்து சேரும் செவிலியருக்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்காக எல்லாக் குறைவையும் 'மலைதானே' என்று தள்ளிவிடவும் கூடாது. எப்போது மருத்துவரை அழைப்பது என்பதை உங்கள் மருத்துவர்களிடமே எழுதி வாங்கிப் பாடத்தில் சேருங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடையே காணப்படும், திடீரெனக் கடும் வலியை உண்டாக்கும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகையைப் புத்தகத்தில் மட்டும் படித்திருப்பவர், மேலுக்கு எந்தக் காயமும் இல்லாமல் வலியில் துடிக்கும் இளைஞரை நடிக்கிறார் என்று எண்ணிவிடக் கூடும். தோட்டத்துப் பூச்சிமருந்து நஞ்சும், நாய், குரங்குக் கடியும் இதே வரிசையில் வர வேண்டும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருந்துவந்தும் இந்த நிலைமை.

மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும் ஊர் இது. ஆகவே இணையம் இல்லாமலும் இயங்குவதைத் தேர்ந்தெடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மூடில் (Moodle) என்ற பாடம் நடத்தும் மென்பொருளின் கைப்பேசிச் செயலியில் பாடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்ஆப் குழுவே போதும் என்று சிலர் சொல்வார்கள். அறிவிப்புக்குப் போதும், ஆனால் பயிற்சி என்ற பெயரில் நோயாளியின் புண்ணும் கேஸ் ஷீட்டும் படமாகச் சுற்றத் தொடங்கிவிடும். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரத்தைப் பணி நேரத்திலேயே ஒதுக்குங்கள். இரவுப் பணி முடித்து விடுதிக்குப் போனவர் தூக்கத்தை விட்டுவிட்டுப் பதில் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ரத்தக் குழாயில் கேனுலா என்ற சிறு குழாயைப் போடுவதைத் திரை கற்றுத்தராது. அதற்கு மூத்த செவிலியர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் நிற்க வேண்டுமானால் அந்த நாளில் அவருக்கு இரண்டு நோயாளிகளாவது குறைய வேண்டும். மென்பொருளுக்கு ஒதுக்கியிருக்கும் தொகையில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பிவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். மீதியில் எதையேனும் வாங்குவதானால், விற்க வருபவரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் பதிவுகள் அனைத்தும் எக்செல் வடிவில் எங்களுக்குக் கிடைக்குமா, ஆள் மாறும்போது பழைய உரிமத்தையே புதியவருக்கு மாற்றலாமா, எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரே கேள்விகளைச் சேர்க்கவும் திருத்தவும் முடியுமா. மூன்றாவதற்கு 'எங்கள் குழு செய்துதரும்' என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.