மதர்போர்டு மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என் லேப்டாப் 2017-இல் வாங்கியது. வார இறுதித் தமிழ் வகுப்புப் பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டச்பேட் அழுந்துவதில்லை, மேசையில் வைத்தால் ஆடுகிறது, சார்ஜரில் இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது, 4,500 ராண்ட் ஆகும் என்கிறார் கடைக்காரர். செலவழிக்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது என்றே நினைக்கிறேன். பல மாடல்களில் டச்பேடுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கும். அது வீங்கினால் டச்பேடை மேலே தள்ளும், அடித்தட்டையும் புடைக்க வைக்கும். அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும்.

அணைந்துபோவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: பேட்டரியைக் கழற்றிவிட்டு, வேறு சார்ஜரில் ஓட்டிப் பார்த்தாரா? பெரும்பாலான லேப்டாப்புகள் பேட்டரி இல்லாமலும் ஓடும். ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் போர்டு மேல் பழி போட வேண்டாம். விசிறி இரைந்து கால் மணியில் அணைந்தால் பெரும்பாலும் சூடுதான். தூசி தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, சோதித்துப் பார்ப்பதைவிட போர்டை மாற்றுவது சுலபம், அவ்வளவுதான்.

சரி, உண்மையிலேயே போர்டுதான் என்றால்? லோட்ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து கரண்ட் திரும்பும் வேகமும் கடற்கரை உப்புக்காற்றும் போர்டுக்கு ஆகாதவை, நடக்கக்கூடியதுதான். ஆனால் நானாக இருந்தால் அந்த 4,500 ராண்டைக் கொடுக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்களுடையது 7-ஆம் தலைமுறை இன்டெல் சிப் என்றால், ஓரிரு விலக்குகள் தவிர, விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை.

பேட்டரி மட்டும்தான் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறதென்றால் அதற்குப் பதில் எஸ்எஸ்டி எனும் வேகமான டிஸ்க்கையும் போடுங்கள், வேகம் கண்கூடாகத் தெரியும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் வகுப்புக்குத் தாராளமாகப் போதும்.

வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுபார்க்கும்போது போடும் பாகத்துக்குக் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. அப்புறம், எந்த முடிவானாலும் டிஸ்க்கைக் கடைக்காரரிடம் விட்டுவராதீர்கள். யுஎஸ்பி கேஸ் (டிஸ்க்கை வைத்து யுஎஸ்பி வழியாக இணைக்கும் பெட்டி) ஒன்றில் போட்டால் பாடங்களை வேறு கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளலாம்.